பழைய பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். 2.8 டீசல்: வாங்கலாமா, வாங்கினால் எப்படிக் காப்பாற்றுவது?

ஆழியாறு:

அனைவருக்கும் வணக்கம். 2007இல் பதிவான மிட்சுபிஷி பஜேரோ எஸ்.எஃப்.எக்ஸ். ஒன்று எங்களுக்குத் தெரிந்த குடும்பத்திடமிருந்து விலைக்கு வருகிறது. முதல் உரிமையாளர் காலமான பிறகு பிள்ளைகள் யாரும் அதை எடுப்பதில்லை. அவ்வப்போது ஓட்டுநர் வந்து கிளப்பி, சற்று ஓடவிட்டு நிறுத்துவதோடு சரி. கேட்கும் விலை ஒரு புதிய சிறிய காரின் விலையில் பாதிகூட வராது. புதிதாக வந்த நாளில் இந்த வண்டி நின்ற வாசல் யாருடைய வாசல் என்று ஊரில் யாரும் கேட்க வேண்டியிருந்ததில்லை என்பதால், எனக்கு இதன் மீது ஆசை இருப்பதை மறைப்பதற்கில்லை.

அன்றாட ஓட்டத்துக்கு வேறு கார் இருக்கிறது. பொள்ளாச்சிப் பக்கம் தோப்புக்குப் போவதற்கும், குடும்பத்தோடு அவ்வப்போது வால்பாறைக்கு ஏறுவதற்கும்தான் இது தேவைப்படும். எதைப் பார்த்து வாங்க வேண்டும், வாங்கிய உடனே எதில் பணம் போட வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

டீசல் பட்டறை:

நண்பருக்கு வணக்கம். கோவையில் நெடுங்காலம் டீசல் இயந்திர வேலை பார்த்தவன் என்ற முறையில் இயந்திரத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன். மற்றவற்றை மற்றவர்கள் சொல்லட்டும்.

இதில் இருப்பது 4எம்40 என்னும் 2,835 சி.சி. நான்கு சிலிண்டர் டர்போ டீசல். பிளாக் வார்ப்பிரும்பு, அதன் மேல் மூடியாக அமரும் ஹெட் அலுமினியம். டீசல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படாமல், ஹெட்டுக்குள் இருக்கும் ஒரு சிறு அறையில் முதலில் பற்றி, அங்கிருந்து பிஸ்டன் மேல் இறங்கும் பழைய முறை இது. இம்முறையில் சத்தம் குறைவு என்றாலும், எரியும் வெப்பத்தில் பெரும்பங்கை ஹெட்டே தாங்க வேண்டியிருக்கிறது. இரும்பும் அலுமினியமும் ஒரே அளவாக விரிவதில்லை என்பதால், தண்ணீர் குறைந்து ஒருமுறை கடுமையாகச் சூடேறினாலும் ஹெட் வளையலாம், வால்வுகளுக்கு இடையே விரிசல் விடலாம், ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவே உள்ள கேஸ்கெட் போகலாம். என் பட்டறைக்கு வந்த 4எம்40 ஹெட் வேலைகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் இயந்திரத்தின் வயது அன்று. கூலன்ட்டுக்குப் பதிலாக ஆண்டுக்கணக்கில் ஊற்றிய போர்வெல் தண்ணீர்தான். நம் பக்கத்து உப்புத் தண்ணீர் ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்புபோலப் படிந்து அடைத்துக்கொள்ளும். சமதளத்தில் ஓட்டும்வரை எதுவும் தெரியாது, ஏ.சி. போட்டுக்கொண்டு ஏழு பேருடன் மலையேறும்போதுதான் தெரியவரும்.

ஆகவே முதலில் அங்கே பாருங்கள். இரவு முழுவதும் நின்ற வண்டியைக் காலையில் கிளப்பும் முன் மேல் ரேடியேட்டர் குழாயை விரலால் அழுத்துங்கள்; குளிர்ந்த நிலையிலும் அது விறைப்பாக இருந்தால், சிலிண்டரில் எரிந்த வாயு தண்ணீர்ப் பாதைக்குள் கசிந்து அழுத்தம் தங்கியிருக்கிறது என்று ஐயப்படலாம். அதே குளிர்ந்த நிலையில் மூடியைக் கழற்றிவிட்டுக் கிளப்புங்கள். தொடர்ந்து குமிழிகள் வந்தால் ஐயம் வலுக்கிறது. ரேடியேட்டர் வாயில் வைத்துப் பார்க்கும் சோதனைத் திரவம் ஒன்று உண்டு. எரிந்த வாயு கலந்திருந்தால் அதன் நீல நிறம் பச்சையாகவோ மஞ்சளாகவோ மாறும். அது கையில் இருக்கும் மெக்கானிக்கை அழைத்துச் செல்வது நல்லது. வண்டியை உங்களுக்காக முன்கூட்டியே சூடாக்கி வைத்திருந்தால், பார்க்காமல் திரும்பிவிட்டு, முன்னறிவிப்பின்றி வேறொரு நாள் போங்கள்.

டைமிங் பெல்ட் கிடையாது; செயின்தான். குளிர்ந்த நிலையில் கிளப்பும்போது முன்பக்கம் சில நொடிகளுக்கு மேல் கலகலத்தால் டென்ஷனரோ செயினோ தேய்ந்திருக்கும். காலையில் நெடுநேரம் சுழன்ற பிறகே கிளம்புகிறது என்றால், டீசல் பம்ப்பைக் கழற்றச் சொல்லும் கடைக்குப் போகும் முன், டீசல் ஃபில்டர் தலையில் உள்ள கைப் பம்ப் வழியே காற்று இழுக்கிறதா என்று பாருங்கள். டீசல் பம்ப்பின் ரப்பர் சீல்களும் காலப்போக்கில் இறுகிக் கசியும். 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுவதும் வருகிற மிகக் குறைந்த கந்தக டீசலோடு இப்படிப்பட்ட பழைய சீல்கள் எளிதில் ஒத்துப்போவதில்லை.

வடசென்னை:

எல்லோரும் எப்படி வாங்குவது என்று சொல்வார்கள்; நான் ஏன் விற்றேன் என்று சொல்கிறேன். என்னிடம் இதே வண்டி பல ஆண்டுகள் இருந்தது. ஓட்டிய நாட்களில் அதைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. உயரமான இருக்கை, பெரிய கண்ணாடிகள், மோசமான சாலையில் அது போகும் நிதானம், எல்லாம் இன்றைய வண்டிகள் பலவற்றில் கிடைக்காதவை. ஆனால் ஒரு சிறிய பாகத்துக்காக வண்டி வாரக்கணக்கில் பட்டறையில் நின்றதும், அந்த வாரங்களில் பட்டறைக்கு நான் அலைந்ததும் என் வேலைக்கு ஒத்துவரவில்லை.

இன்னொன்றையும் கணக்கில் கொள்ளுங்கள். காப்பீட்டு நிறுவனம் ஒப்புக்கொள்ளும் வண்டி மதிப்பு இந்த வயதில் மிகக் குறைவாக இருக்கும். பழுதுச் செலவு அந்த மதிப்பில் 75 விழுக்காட்டைத் தாண்டினால் வண்டி முழு இழப்பாகக் கருதப்படும். முன்பக்கம் ஒரு நடுத்தர மோதல் போதும். பம்பர், விளக்குகள், ரேடியேட்டர், டிங்கரிங், பெயின்ட் என்று கூட்டினால் அந்த எல்லையை எளிதில் தொட்டுவிடும். ஆக, எவ்வளவு செலவு செய்து செம்மைப்படுத்தினாலும் அந்தப் பணத்துக்குக் காகிதத்தில் மதிப்பு இல்லை. வாங்கும் விலையை மட்டும் பார்த்து மலிவு என்று நினைப்பவருக்கு இது ஏற்ற வண்டி அன்று என்பது என் முடிவான கருத்து.

பொருநைக்கரை:

வடசென்னை நண்பர் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் அவருக்கு அது ஒரே வண்டி, ஆழியாறு அவர்களுக்கு இரண்டாவது வண்டி. அந்த வேறுபாடு பெரிது. திருநெல்வேலியில் இதே வண்டியை நான் வைத்திருக்கிறேன். பட்டறையில் நிற்கும் வாரங்களில் எனக்கு அவசரம் எதுவும் இல்லாததால் அது எரிச்சலாக மாறுவதில்லை. பொறுமையையும் பராமரிப்புச் செலவின் ஒரு பகுதியாக எழுதிக்கொள்ள வேண்டும்.

முன் சஸ்பென்ஷனில் காயில் ஸ்பிரிங் கிடையாது. முறுக்கத்தால் ஸ்பிரிங்போல வேலை செய்யும் நீளமான டார்ஷன் பார்தான். இதை ஒரு போல்ட்டைத் திருகியே உயர்த்திவிடலாம் என்பதால், தோற்றத்துக்காகத் தூக்கப்பட்ட வண்டிகள் நிறைய உலவுகின்றன. அப்படித் தூக்கினால் முன் சக்கரத்துக்கு விசை கொண்டுசெல்லும் சி.வி. ஜாயின்ட் தாறுமாறான கோணத்தில் சுழன்று ரப்பர் உறை கிழிகிறது. பால் ஜாயின்ட்டுகள் விரைவில் தேய்கின்றன. சக்கரம் கீழிறங்க இடமில்லாமல் ஒவ்வொரு வேகத்தடையிலும் முன்பக்கம் உதைக்கிறது. மக்கள் இதை ஷாக் அப்சார்பர் பழுது என்று எண்ணி அதை மாற்றிக்கொண்டிருப்பார்கள். ஸ்டீயரிங் ஆடினால் முதலில் ஐட்லர் ஆர்மைப் பாருங்கள். இந்தத் தலைமுறை வண்டியில் தவறாமல் தேயும் பாகம் அது.

துருவைப் பொறுத்தவரை, பின் சக்கர வளைவுகளின் உட்புறம், கதவடிப் பகுதி, பாடி சேஸின் மீது அமரும் இடங்கள், பின் பம்பருக்கு மேலுள்ள சேஸ் பகுதி ஆகியவற்றைச் சுத்தியலின் பிடியால் தட்டிப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த அடிப்பாகம் எனக்கு நம்பிக்கை தருவதில்லை, ஐயத்தைத்தான் தருகிறது. துருவின் மேலேயே பூசிவிட்டால் ஈரம் உள்ளே தங்கி வேலையை விரைவாக முடித்துவிடும். கடற்கரை ஊர் வண்டி என்றால் இரு மடங்கு கவனம் வேண்டும். பொள்ளாச்சி வண்டி என்பது உங்களுக்குச் சாதகமே.

ஆழியாறு:

எல்லோருக்கும் நன்றி. நேற்று நேரில் போய்ப் பார்த்தேன். துரு அதிகமில்லை. ஆனால் இரு சக்கர இழுப்பான 2எச் நிலையிலிருந்து நான்கு சக்கர இழுப்பான 4எச்சுக்கு மாற்றியபோது, டேஷ்போர்டில் உள்ள வண்டிப் படத்தின் முன் சக்கர விளக்குகள் அணையாமலும் நிலைக்காமலும் மினுக்கிக்கொண்டே இருந்தன. அவர்கள் அழைத்து வந்திருந்த மெக்கானிக், விசையை முன், பின் அச்சுகளுக்குப் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸ் போய்விட்டது, அதை மாற்ற வேண்டும், அதற்காக விலையில் ஒரு தொகையைக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். விலை குறைவதில் எனக்கு மகிழ்ச்சிதான்; ஆனால் இதற்கு டிரான்ஸ்ஃபர் கேஸ் எங்கே கிடைக்கும்?

பொருநைக்கரை:

எதையும் தேட வேண்டாம். பெரும்பாலும் அது நன்றாகவே இருக்கும்.

இந்த வண்டியின் ஃபோர் வீல் முறையான சூப்பர் செலக்ட் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தக் குழப்பம் வராது. மிட்சுபிஷி 1991இல் இரண்டாம் தலைமுறை பஜேரோவோடு கொண்டுவந்த முறை இது. 2எச்சில் பின் சக்கரங்கள் மட்டும் இழுக்கும். 4எச்சில் நான்கும் இழுக்கும். முன், பின் அச்சுகள் வெவ்வேறு வேகத்தில் சுழல இடம்தரும் டிஃபரன்ஷியலும் விஸ்கஸ் கப்ளிங்கும் நடுவே இருப்பதால் தார்ச்சாலையிலும் மழையிலும் தயக்கமின்றி ஓட்டலாம். சாதாரண ஜீப்புகளில் இந்த வசதி கிடையாது. இந்த வண்டிக்கு அக்காலத்தில் கொடுத்த கூடுதல் விலைக்கு நியாயமான காரணம் இது ஒன்றே என்றுகூடச் சொல்வேன். 4எச்எல்சியில் நடு டிஃபரன்ஷியல் பூட்டப்படுவதால் காய்ந்த தார்ச்சாலையில் அதைப் போடக் கூடாது. 4எல்எல்சி என்பது குறைந்த வேகத்தில் கூடுதல் இழுவை தரும் லோ ரேஞ்ச். வண்டியை நிறுத்திவிட்டுத்தான் போட வேண்டும்.

2எச்சில் ஓடும்போது முன் அச்சின் ஒரு பக்கத்துத் தண்டு துண்டிக்கப்பட்டிருக்கும். 4எச்சுக்கு மாற்றியதும் அதை மீண்டும் இணைப்பது முன் அச்சுக் குழாயின் மேல் இருக்கும் ஒரு சிறிய வேக்குவம் உருளை. அதற்கு இரண்டு மெல்லிய ரப்பர் குழாய்களும், அவற்றைத் திறந்து மூட இரண்டு சோலினாய்டுகளும், இணைந்துவிட்டது என்று டேஷ்போர்டுக்குச் சொல்ல ஒரு சுவிட்சும் உண்டு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் இயந்திர வெப்பத்தில் வெந்த ரப்பர் குழாய் வெடித்துவிட்டால் வேக்குவம் போய்ச் சேராது, தண்டு இணையாது, விளக்கு மினுக்கும். நீங்கள் பார்த்தது அதுவே. டிரான்ஸ்ஃபர் கேஸ் தன் வேலையைச் செய்துவிட்டு முன் அச்சுக்காகக் காத்திருக்கிறது.

கையால் இயக்கும் வேக்குவம் பம்ப் இருந்தால் உருளையில் நேரடியாக இணைத்து இழுத்துப் பாருங்கள். தண்டு இணைந்தால் உருளை நல்லது. பழுது குழாயிலோ சோலினாய்டிலோ இருக்கும். தண்டு இணைந்தும் விளக்கு மினுக்கினால் சுவிட்ச். இந்தச் சோதனைக்கு அரை மணி நேரம் போதும். சரிசெய்த பிறகு, மாதம் ஒருமுறை மண் பாதையில் எல்லா நிலைகளுக்கும் மாற்றிச் சற்று தூரம் ஓட்டுங்கள். ஃபோர் வீல் வண்டியை வாங்கிவிட்டு ஆண்டுக்கணக்கில் அந்தக் கியரைத் தொடாமல் வைத்திருப்பவர்களுக்குத்தான் தேவைப்படும் அன்று அது மறுத்துவிடுகிறது.

வன்னிச்சாலை:

இலங்கையிலிருந்து எழுதுகின்றேன். எங்கள் நாட்டில் இதே உடலும் இயந்திரமும் கொண்ட வி46 வகைப் பஜேரோக்கள் ஜப்பானிலிருந்து பாவித்த வாகனங்களாக வந்து இன்றும் ஏராளமாக ஓடுகின்றன. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் மீண்டும் திறக்கப்பட்டது; இடைப்பட்ட காலத்தில் பழைய வாகனங்களின் விலை ஏறிய ஏற்றத்தில், உங்கள் ஊரில் மலிவு என்று பேசப்படும் இந்த வாகனத்தை இங்கே யாரும் மலிவு என்று சொல்லத் துணியமாட்டார்கள். ஆண்டுதோறும் புகைப் பரிசோதனையில் தேறினால்தான் வருமான அனுமதிப்பத்திரம் கிடைக்கும் என்பதால், பம்ப்பையும் நாசில்களையும் ஒழுங்காக வைத்திருக்கும் பழக்கம் எங்களுக்குக் கட்டாயத்தால் வந்தது.

உதிரிப்பாகங்களைப் பொறுத்தவரை, கொழும்பு பஞ்சிகாவத்தையில் கழற்றிய பாகங்கள் முழு இயந்திரம் வரை கிடைக்கும். 4எம்40 இயந்திரம் டெலிக்கா ஸ்பேஸ் கியரிலும் கன்டர் சிறு லொறிகள் சிலவற்றிலும் வந்ததால், பஜேரோ என்று மட்டும் கேட்காமல் இயந்திரத்தின் பெயரைச் சொல்லிக் கேட்பது பயன் தரும். உறவினர் எவரேனும் வளைகுடாவில் இருந்தால், சார்ஜாவின் பழைய உதிரிப்பாகக் கடைகளில் இந்தத் தலைமுறையின் கதவு, கண்ணாடி, விளக்கு, சஸ்பென்ஷன் பாகங்களை விசாரிக்கச் சொல்லுங்கள்; ஆனால் அங்கே ஓடியவை பெரும்பாலும் பெற்றோல் வி6 என்பதால் இயந்திரப் பாகங்களை எதிர்பார்க்க வேண்டாம். எங்கே வாங்கினாலும் பாக எண்ணைச் சரிபார்த்து வாங்குங்கள். பழைய பாகத்தைக் கையில் கொண்டுபோய் ஒப்பிடாமல் பால் ஜொயின்ட் வாங்குவது வீண் அலைச்சல். பிரபலமான ஜப்பானியப் பெட்டிகளுக்குள் போலிகளும் வருகின்றன.

வடசென்னை:

பாகங்கள் குறித்து ஒன்று சேர்க்கிறேன். எஸ்.எஃப்.எக்ஸ். நம் திருவள்ளூரிலேயே இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் 2012 வரை பொருத்தப்பட்ட வண்டி. அதனால் சென்னையில் இதை நன்கு அறிந்த கைகள் இன்னும் இருக்கின்றன. புதுப்பேட்டையில் உடற்பாகங்களும் அவ்வப்போது வரும். நான் விற்றுவிட்டேன் என்பதற்காக உங்களைத் தடுக்கவில்லை.

ஆவணப்பெட்டி:

வண்டியைப் பற்றி எல்லாம் பேசினோம், காகிதத்தைப் பற்றி யாரும் பேசவில்லை. 2007 வண்டிக்கு 2022இல் பதினைந்து ஆண்டு முடிந்திருக்கும். அப்போது தகுதிச் சான்று (எஃப்.சி.) எடுத்துப் பசுமை வரி கட்டி ஆர்.சி.யைப் புதுப்பித்திருந்தால், அது ஐந்தாண்டுக்குச் செல்லும். பிறகு மீண்டும் புதுப்பிக்க வேண்டும். வாரிசுகள் விற்பதாகச் சொல்கிறீர்கள். பெயர் இன்னும் காலமானவர் பெயரிலேயே இருந்தால், முதலில் வாரிசு ஒருவரின் பெயருக்கு முறையாக மாற்றிய பிறகே பணம் கொடுங்கள். வாரிசுச் சான்றிதழும் மற்ற வாரிசுகளின் சம்மதமும் இல்லாமல் விற்பனைப் படிவத்தில் யாரோ ஒருவர் கையெழுத்திட்டு வாங்குவது பிற்காலத்தில் தொல்லை தரும். 2022 ஏப்ரலில் தனியார் கார்களின் பதிவுப் புதுப்பிப்புக் கட்டணம் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்கு உயர்ந்தது. வாங்கும் முன் இப்போதைய கட்டணத்தையும் பசுமை வரியையும் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

இந்த உரையாடலைப் படிக்கும் மற்றவர்களுக்கும் ஒரு குறிப்பு. டெல்லி வட்டாரத்தில் பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கு எதிராகப் பசுமைத் தீர்ப்பாயம் 2015இல் இட்ட தடையை உச்ச நீதிமன்றம் 2018இல் உறுதிசெய்ததை அடுத்து, அங்கிருந்து தடையில்லாச் சான்றோடு (என்.ஓ.சி.) பல பெரிய வண்டிகள் தெற்கே வந்தன. விலை கவர்ச்சியாக இருக்கும். ஆனால் இங்கே மறுபதிவும் வரியும் சேர்ந்த பிறகு அந்தக் கவர்ச்சியில் எவ்வளவு மிஞ்சுகிறது என்று கணக்கிட்டுவிட்டுப் போங்கள். கடன் நிலுவை நீங்கியதற்கான சான்று இல்லாத வண்டியைத் தொடாதீர்கள்.

ஆழியாறு:

மீண்டும் நன்றி. ஆர்.சி. 2022இல் புதுப்பிக்கப்பட்டு, பெயரும் மூத்த மகனின் பெயருக்கு மாற்றப்பட்டிருக்கிறது. வேக்குவம் சோதனையும் செய்தோம். பொருநைக்கரை அவர்கள் சொன்னபடியே ஒரு குழாய் முழங்கை வளைவில் பிளந்திருந்தது. மாற்றியதும் விளக்கு நிலைத்துவிட்டது. டிரான்ஸ்ஃபர் கேஸுக்காகக் குறைத்த தொகையை அவர்கள் திரும்பக் கேட்கவில்லை. நானும் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாமல் சொல்லிவிட்டேன், சிரித்தார்கள்.

ஆனால் டீசல் பட்டறை ஐயா சொன்ன காலைச் சோதனையில் மேல் குழாய் விறைப்பாக இருந்தது. சோதனைத் திரவமும் மெல்ல மஞ்சளானது. ஹெட்டைக் கழற்ற வேண்டும் என்று அவர்களும் ஒப்புக்கொண்டு, அதற்கும் விலையைக் குறைத்துக்கொண்டார்கள். முன்பணம் கொடுத்துவிட்டேன். விரிசல் இருந்தால் வெல்டிங் செய்து முகம் வெட்டிப் போட்டுவிடலாம் என்று உள்ளூர்ப் பட்டறை சொல்கிறது. செய்யலாமா?

டீசல் பட்டறை:

கேஸ்கெட் மட்டும் போயிருந்து, ஹெட் நேராகவும் விரிசலின்றியும் இருந்தால் அதையே போடலாம். அழுத்தச் சோதனை செய்யாமல் கண்ணால் பார்த்து முடிவு செய்ய விடாதீர்கள். வால்வுகளுக்கு நடுவே விரிசல் தண்ணீர்ப் பாதைவரை போயிருந்தால் வெல்டிங் வேண்டாம். நீங்கள் வால்பாறைக்கு ஏறுகிறவர், அந்த வெல்டிங் அங்கேயே திறக்கும். ஸ்பெயின் நாட்டு ஏ.எம்.சி. நிறுவனம் 4எம்40க்குப் புதிய ஹெட் வார்க்கிறது. வருவதற்குச் சில வாரங்கள் ஆகலாம், காத்திருங்கள். வேறு வண்டியில் கழற்றிய ஹெட்டும் ஒரு காலத்தில் கொதித்ததாக இருக்கலாம் என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஹெட் கீழே இறங்கியிருக்கும்போதே செயினையும் டென்ஷனரையும் மாற்றிவிடுங்கள். அந்தக் கூலியை இரண்டாம் முறை கொடுக்க வேண்டியதில்லை. ரேடியேட்டரை ராடு அடித்துக் கழுவினால் போதும் என்பார்கள். உள்ளே உள்ள குழாய்த் தொகுதியான கோர் முழுவதையும் புதிதாகப் போடச் சொல்லுங்கள். விசிறியின் விஸ்கஸ் கிளட்ச், தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் மூடி, எல்லாக் குழாய்களும் இதே வேலையோடு மாற வேண்டும். டேஷ்போர்டு வெப்ப முள்ளை நம்பாதீர்கள். தண்ணீர் முழுவதும் வெளியேறிவிட்டால் அதன் சென்சார் வெறும் காற்றில் நின்றுகொண்டு எல்லாம் நலமே என்று காட்டும். ஹெட்டின் உலோகத்திலேயே பொருத்தி, சூடேறினால் ஒலி எழுப்பும் தனி எச்சரிக்கைக் கருவியைப் போட்டுக்கொள்ளுங்கள். முதல் ஆண்டில் டயர், விளக்கு, பாட்டுப்பெட்டி எதிலும் காசு போடாமல் இவற்றில் போடுங்கள்.

கேஸ்கெட் வாங்கும் முன் ஒன்றைக் கவனியுங்கள். இந்த இயந்திரத்துக்கு ஒரே கேஸ்கெட் அன்று. பல தடிமன்களில் வருகிறது. ஒவ்வொரு பிஸ்டனும் பிளாக்கின் முகத்துக்கு மேல் எவ்வளவு எழுகிறது என்று டயல் கேஜ் வைத்து அளந்த பிறகே எந்தத் தடிமன் என்று தேர்ந்தெடுக்க வேண்டும். கேஸ்கெட்டின் விளிம்பில் அதற்கான வெட்டுக் குறிகள் இருக்கும். பழைய கேஸ்கெட்டைத் தூக்கி எறியாமல் வைத்திருந்து குறிகளை ஒப்பிடுங்கள். அளக்காமல் போடுகிறேன் என்று பட்டறையில் சொன்னால், ஹெட்டை அப்படியே துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு கோவைக்கு வாருங்கள். அளக்கத் தெரிந்த லேத் எது என்று தனிச்செய்தியில் சொல்கிறேன்.